கேம் இன்ஜினும் கேரம் பவுடரும்

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் அரிவாள் தூக்குவதில்லை என்று முடிவு செய்தேன்.

பயப்படாதீர்கள். நான் ரவுடி இல்லை. பெயர் டெனிஸ். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அடுத்தவர்களுக்குச் சம்பளம் போடுகிற வேலை. குடியிருப்பது கிழக்குத் தாம்பரத்தில், ஒரு சிறிய அபார்ட்மென்டில். அரிவாள் வந்தது படப்பையால்.

படப்பையைத் தாண்டி எங்களுக்கு அரை கிரவுண்டு மனை இருக்கிறது. பத்திரத்தில்தான் அது மனை. நேரில் போனால் வேலிக்காத்தான் காடு. ஞாயிறு தவறாமல் கோயில் ஆராதனை முடிந்ததும் என் மனைவி ஜெரூஷா அரிவாளைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் ஏறிவிடுவாள். நான் வெட்டுவேன். அவள் மேற்பார்வை. நாங்கள் திரும்பி வீடு சேருவதற்குள் அது மறுபடி முளைத்துவிடும். மனையில் இருக்கிற முள்ளைவிட என் காலில் இருக்கிற முள் அதிகம்.

ஜெரூஷா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதனால் வீட்டில் நான் போடுகிற எந்தக் கணக்கும் விடைக்கு வந்ததில்லை. இந்தத் தடவை வரும் என்று நம்பினேன். சனிக்கிழமை தோசை சாப்பிடும்போது ஆரம்பித்தேன்.

"ஜெரூ, நாளையிலேருந்து நான் படப்பைக்கு வர முடியாது."

"ஏன், கால்ல முள்ளா?"

"கால்ல இல்ல, மனசுல. இந்தச் சமுதாயத்துக்கு நாம என்ன செஞ்சோம்?"

"சட்னி வேணுமா?"

"வேணும். பொத்தேரியில காலேஜ் பசங்களுக்கு இலவசமா கிளாஸ் எடுக்கப்போறேன்."

"அடேயப்பா! எதுல?"

இந்த இடத்தில்தான் தவறு நடந்தது. கிளாஸ் வரைக்கும் யோசித்து வைத்திருந்தேன். எதில் என்று யோசிக்கவில்லை. ஆனால் ஆபத்தில் நாக்கு தானாக வேலை செய்யும். எந்தப் புண்ணியவான் எப்போது காதில் போட்டானோ, வார்த்தைகள் வரிசையாக வந்து விழுந்தன.

"ஓப்பன் சோர்ஸ் கேம் இன்ஜின். புது டெவலப்பர்களுக்கு ஒரு அறிமுகம்."

ஜெரூஷா தோசையை மெல்லுவதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். பிறகு புன்னகை செய்தாள்.

"ரொம்ப நல்ல காரியம்ங்க. அவசியம் செய்யுங்க."

இருபது வருஷத்தில் அவள் என்னிடம் 'அவசியம் செய்யுங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை என் ஸ்கூட்டர் பொத்தேரி பக்கம் திரும்பவே இல்லை. ராஜகீழ்ப்பாக்கம் போனது. அங்கே என் நண்பன் பாலு வீட்டு மொட்டைமாடியில் ஒரு கேரம் போர்டு உண்டு. பக்கத்துத் தெருவில் பிரியாணி உண்டு. விளையாடினோம், தின்றோம், மறுபடி விளையாடினோம். நானும் கேமில்தான் இருந்தேன் என்பதால் மனச்சாட்சி பெரிதாக உறுத்தவில்லை.

சாயங்காலம் வீடு திரும்பினேன். ஜெரூஷா என் சட்டைக் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"என்னங்க, கையெல்லாம் ஒரே வெள்ளையா இருக்கு?"

கேரம் பவுடர்!

"சாக்பீஸ் தூள். போர்டு வேலை இல்லையா?"

"கம்ப்யூட்டர் கிளாஸ்ல போர்டா?"

"அடிப்படை எல்லாமே போர்டுலதான்."

"சரிதான். நோடு சொல்லிக் குடுத்தீங்களா?"

"நோட்டா? எல்லாரையும் வாங்கிட்டு வரச் சொல்லிட்டேன். நூறு பக்கம்."

"கோடு போட்டதா, போடாததா?"

"கோடு போட்டதுதான்."

"ஆமாமா. கோடு இல்லாம கேம் பண்ண முடியாதே."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்த மாதிரி ஒரு சத்தம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சத்தம் அது என்பது அன்று எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறும் ராஜகீழ்ப்பாக்கம்தான். சிவப்புக் காயை இரண்டு முறை போட்டேன். வாழ்க்கை இப்படியே போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மூன்றாவது ஞாயிறு. கோயிலிலிருந்து வந்து படி ஏறுகிறேன். மேல்மாடி ஞானையா எதிரே வந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"தம்பி, நாலு மணிக்கு டாண்ணு வந்துடறேன். என்கிட்ட லேப்டாப் கிடையாது. பரவாயில்லையா?"

"எதுக்கு சார் லேப்டாப்?"

"தமாஷ் பண்ணாதீங்க. உங்க கிளாஸுக்குத்தான். கார் பார்க்கிங்ல நாற்காலிகூட போட்டாச்சே!"

நான் மீதிப் படிகளை ஏறவில்லை. பறந்தேன்.

"ஜெரூ! என்ன இது?"

"ஒண்ணுமில்லைங்க. பொத்தேரியில படிக்கிற பக்கத்து வீட்டு ரேஷ்மா சொன்னா, காலேஜுக்கு லீவு விட்டாச்சாம். உங்க சேவை நின்னு போயிடக் கூடாதேன்னு நம்ம அபார்ட்மென்ட் குரூப்ல போட்டேன். பதினஞ்சு பேர் வராங்க. பாலு அண்ணனுக்கும் சொல்லிட்டேன்."

"பாலுவுக்கா? அவன் எதுக்கு?"

"தன் ஃபிரெண்டு பேசற அழகை அவரும் பார்க்கட்டுமே."

"எனக்கு ஜுரம் அடிக்குது."

கையைத் தொட்டுப் பார்த்தாள். "ஜில்லுன்னு இருக்கே?"

"குளிர் ஜுரம்."

"பேசினா சூடாயிடும். சட்டையை மாத்துங்க."

நாலு மணிக்குப் பார்க்கிங்கில் திருவிழாக் கூட்டம். கீழ்வீட்டுக் கதிரேசன் தன் டிவியையே தூக்கி வந்து மேசைமேல் வைத்திருந்தார். அவர் மெக்கானிக். கையில் ஸ்பேனர்.

"இன்ஜினு எங்க சார் கீது? இன்னா வண்டிது?"

"வண்டி இல்ல கதிரேசன். இது கேம் இன்ஜின்."

"அப்ப ஸ்பேனர் வாணாமா? அட, பேஜாரா பூட்ச்சே." ஸ்பேனரைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இட்லி மாவு அரைத்து விற்கும் காந்திமதி தன் கடையைக்கூட மூடிவிட்டு வந்திருந்தார். கடைசி நாற்காலியில் பாலு. கர்ச்சீப்பை வாயில் அடைத்திருந்தான். முதல் வரிசையில், பள்ளிக்கூட லேப்டாப்பை டிவியோடு இணைத்துவிட்டு, நல்ல பிள்ளை மாதிரி ஜெரூஷா.

நான் எழுந்து நின்றேன். தொண்டையைச் செருமினேன். மறுபடி செருமினேன். மூன்றாவது தடவை செருமியதும் ஞானையா தண்ணீர் கொடுத்தார்.

"அன்பானவர்களே, ஓப்பன் சோர்ஸ் கேம் இன்ஜின் என்பது என்னவென்றால்... அது ஒரு இன்ஜின். கேம் இன்ஜின். ஓப்பன் சோர்ஸ்."

கூட்டம் தலையாட்டியது.

ஜெரூஷா கையைத் தூக்கினாள். "சார், ஒரு சந்தேகம்."

கட்டின மனைவி 'சார்' என்று கூப்பிட்டால் அடுத்து என்ன வரும் என்று கல்யாணமானவர்கள் அறிவார்கள்.

"கேளும்மா."

"ஒவ்வொரு கேமுக்கும் படம் காட்டறது, சத்தம் போடறது, கீழே விழறது, இதையெல்லாம் நாமளே முதல்லேருந்து எழுத வேணாம். அதெல்லாம் முன்னாடியே செஞ்சு வெச்ச பொட்டிதான் இன்ஜின். ஓப்பன் சோர்ஸ்னா, அந்தப் பொட்டியை யார் வேணும்னாலும் இலவசமா எடுத்துக்கலாம், திறந்து பார்க்கலாம், மாத்தலாம். நான் புரிஞ்சுக்கிட்டது சரியா சார்?"

"மிகச் சரி!" என்றேன். "அதைத்தான் நானும் சொன்னேன்."

கதிரேசன் தொடையில் தட்டினார். "பானெட்டைத் தொறந்து பாக்கலாம்ன்றே. சீல் வெச்சு அனுப்ப மாட்டான். நல்ல கம்பெனிபா!"

எனக்குத் தப்பிக்க ஒரு ஓட்டை தெரிந்தது. சந்தேகம் என்ற பெயரில் ஜெரூஷா விடையைச் சொல்கிறாள். நான் 'சரி' என்றால் போதும். கடவுள் இருக்கிறார்!

"வேற சந்தேகம்?" என்று நானே கேட்டேன்.

"முதல்ல ஒரு சீன் போடணும் இல்லையா சார்?"

"அது சாருக்கு நல்லா வரும்," என்றான் பாலு பின்னாலிருந்து.

"அந்த சீனுக்குள்ள வெக்கிற ஒவ்வொண்ணும் ஒரு நோடு. அப்பா நோடுக்குக் கீழே பிள்ளை நோடு. அப்பா நகர்ந்தா பிள்ளையும் கூடவே நகரும். சரியா சார்?"

"ரொம்ப சரி."

"எங்க வூட்ல நகராது," என்றார் காந்திமதி.

"ஏதாவது நடந்தா ஒரு நோடு இன்னொண்ணுக்கு சிக்னல் குடுக்கும்..."

"சிக்னலா!" ஞானையா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "அதை நான் சொல்றேன். சிக்னல் குடுக்கறவன் வண்டியைத் தள்ள மாட்டான். கொடியைக் காட்டுவான், அவ்வளவுதான். ஓட்டறதா நிக்கறதான்னு டிரைவர்தான் பார்த்துக்கணும்."

"அதேதான் சார்!" என்று ஜெரூஷா கை தட்டினாள். எல்லாரும் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

சரி, ஒரு கேம் செய்து பார்ப்போம் என்று முடிவாயிற்று. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன். ஒரு ஸ்கூட்டர். குறுக்கே ஒரு மாடு. இடிக்காமல் போனால் வெற்றி. மாட்டின் படத்தைக் காந்திமதி காகிதத்தில் வரைந்து கொடுத்தார். ஒரு கோணத்தில் பார்த்தால் அது கிரைண்டர். ஜெரூஷா அதைப் போனில் படம் எடுத்து உள்ளே ஏற்றினாள்.

"சார், ஓட விடுங்க," என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள்.

மகா தைரியத்தோடு பட்டனை அழுத்தினேன்.

மாடு விழுந்தது. சாலையைத் துளைத்துக்கொண்டு விழுந்தது. திரையைத் தாண்டி, பாதாளத்துக்குள் போய்க்கொண்டே இருந்தது.

"ஐயையோ, மாடு!" என்று காந்திமதி அலறினார்.

"சார், எங்க போச்சு சார்?" என்றது கூட்டம்.

"இடைவேளைக்குப் போயிருக்கு," என்றேன்.

பார்க்கிங்கே குலுங்கியது. பாலு கர்ச்சீப்பைத் துப்பிவிட்டு அழுதுகொண்டே சிரித்தான். ஜெரூஷா கையைத் தூக்கினாள்.

"சார், ஈர்ப்பு விசை போட்டோம். ஆனா சாலைக்கு மோதற உடம்பு போட மறந்துட்டோமோ?"

"யார் மறந்தது?"

"நீங்கதான் சார்."

"ஆமா, நான்தான்."

சாலைக்கு உடம்பு போட்டோம். மாடு நின்றது. ஆனால் ஸ்கூட்டர் மாட்டுக்குள் புகுந்து வால் வழியாக வெளியே வந்தது. மாட்டுக்கும் உடம்பு போட்டோம். போட்டது நானேதான்! எங்கே அழுத்த வேண்டும் என்று கதிரேசன் கத்தினார், எவ்வளவு அகலம் என்று ஞானையா கத்தினார், எனக்கே என்னமோ புரிய ஆரம்பித்தது. இந்த முறை ஸ்கூட்டர் மாட்டை முட்டி நின்றது. அந்த நிமிஷம் நான் அடைந்த ஆனந்தத்தை என்ன சொல்ல! சிவப்புக் காய் போட்டபோதுகூட அப்படி இருந்ததில்லை. பதினைந்து பேரும் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். டெனிஸ் சார், டெனிஸ் சார் என்று கைகுலுக்கினார்கள்.

கூட்டம் கலைந்தது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே கேட்டேன்.

"ஜெரூ, இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க ஸ்கூல்ல பசங்களுக்கு கேம் கிளப் ஆரம்பிச்சோம். அதுக்காக ரெண்டு மாசமா கத்துக்கறேன். தினமும் சாப்பிடும்போது உங்ககிட்ட சொன்னேன். 'ஓப்பன் சோர்ஸ் கேம் இன்ஜின்ங்க, புது டெவலப்பர்களுக்கு அறிமுகம் மாதிரி நம்ம பார்க்கிங்லயும் பண்ணலாமா'ன்னு கேட்டேன். நீங்க 'உம்'னு சொன்னீங்க."

நான் ஒரு நாற்காலியைப் பிரித்து அதில் உட்கார்ந்தேன். காதில் போட்ட புண்ணியவான் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"அப்போ அன்னிக்கே கண்டுபிடிச்சிட்டே. கேரமும் தெரியுமா?"

"பாலு அண்ணன் சம்சாரம், உங்களுக்குப் பிரியாணி பிடிச்சுதான்னு எனக்கு போன் பண்ணிக் கேட்டாங்க."

"அப்புறம் ஏன் கிளாஸை நீயே எடுக்கல? என்னை ஏன் நிக்க வெச்சே?"

ஜெரூஷா கணக்கு சொல்லிக்கொடுக்கும் குரலில், பொறுமையாகச் சொன்னாள்.

"டீச்சர் வந்து நின்னா புதுசா வரவங்க பயந்துடுவாங்க. வாயைத் திறக்க மாட்டாங்க. முன்னாடி நிக்கற ஆளு அவங்களைவிடக் கம்மியாத் தெரிஞ்சவரா இருந்தா, எல்லாருக்கும் தைரியம் வந்துடும். அப்படி ஒரு ஆளு தாம்பரம் பூரா தேடினாலும் கிடைக்கணுமே? அடுத்த வாரம் பதினஞ்சு முப்பதாகும் பாருங்க."

எனக்கு மானம்தான் முக்கியமாகப் பட்டது. குரலைத் தாழ்த்தினேன்.

"போகட்டும். எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கறது நம்ம ரெண்டு பேருக்குள்ளதானே?"

"சேச்சே, அவங்களுக்கெல்லாம் எப்படித் தெரியும்?" என்றாள்.

அப்பாடா! எழுந்து காலரைச் சரிசெய்துகொண்டேன். அந்த நேரம் பார்த்து, மறந்துவிட்டுப் போன பென்சிலை எடுக்கக் காந்திமதி திரும்பி வந்தார். என்னைப் பார்த்து மரியாதையாக ஒரு கும்பிடு போட்டார். பிறகு ஜெரூஷாவிடம் சொன்னார்:

"மேடம், அடுத்த வாரமும் சாரையே முன்னால நிறுத்துங்க. அவுருக்கே புரியற வரைக்கும் நீங்க சொல்லிக் குடுத்தீங்கன்னா, எங்களுக்குத் தன்னால புரிஞ்சிடும்."