கையைக் காட்டினால் நிற்காத ரயில்

ரயிலைக் கை காட்டி நிறுத்த முடியாது என்பதை நிரூபிக்கவே பிறந்த மனிதர் வன்னியில் ஒருவர்தான் உண்டு. கேற் அண்ணை. பரந்தன் பக்கம் எங்கள் ஒழுங்கை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில், கேற்றுக்குப் பதிலாக ஒரு கயிறும் சிவப்புக் கொடியுமாகக் காவல் நிற்பவர்.

சண்டையால் இருபது வருடத்துக்கு மேல் ரயிலே வராத ஊர். ரயில் திரும்பி வந்தபோது ஆட்கள் அதையும் பஸ் என்றே நினைத்தார்கள். கத்தரிக்காய் மூட்டையோடு ஓர் அக்கா தண்டவாள ஓரத்தில் நின்று கையை நீட்டினா. ரயில் கூவிக்கொண்டு பறந்தது.

"சீற் எல்லாம் சும்மாதான் கிடக்கு. நிப்பாட்டிறானில்லை. பெரிய எடுப்பு."

பெரியவர்களை அண்ணை கைவிட்டுவிட்டார். அவருக்குப் பயம் பிள்ளைகளை நினைத்துத்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தண்டவாளத்தில் நின்று ரயிலுக்குக் கை காட்டி விளையாடத் தொடங்கியிருந்தார்கள். அதில் முதல் ஆள் அவருடைய ஆறு வயது மகள்.

அந்த நேரம்தான் சுவிஸிலிருந்து வந்த அண்ணையின் மச்சான் ஒரு சின்ன விளையாட்டு ரயிலைக் கொண்டுவந்து கொடுத்தார். எஞ்சின் வயிற்றுக்குள் ஒரு சிப். இலக்கம் கொடுத்து அதன் குணத்தையே மாற்றலாம். பள்ளிக்கூடக் கண்காட்சியில் இதை வைத்துப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவதாக அண்ணை அதிபரிடம் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மின்சாரம் படித்துக்கொண்டிருந்ததால் ஊரில் பம்பு இறைக்காவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அண்ணையும் கூப்பிட்டார்.

ஒத்திகையில் எஞ்சின் வாலில் மிதிபட்ட பூனை மாதிரிப் பாய்ந்தது. மகள் கை காட்டினாள். அண்ணை வேகம் மாற்றும் திருகைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தார். எஞ்சின் அதே இடத்தில் நின்றது.

"பாத்தீங்களோ அப்பா, நிக்குது."

அண்ணையின் முகம் செத்துப்போனது. "தம்பி, இது பொய் சொல்லுற ரயில். நாளண்டைக்குக் கண்காட்சி. திருத்து."

சில்லுகளைத் துடைத்தேன். மோட்டரில் படிந்த கரித்தூளைப் பஞ்சால் எடுத்தேன். பற்சில்லுக்கு ஊசி முனையால் ஒரு துளி எண்ணெய். புறப்படும் வலுவைக் குறைத்து, வேகம் ஏறும் நேரத்தைக் கூட்டியதும் எஞ்சின் ஆமை போல அசைந்து புறப்பட்டது. நிற்க எடுக்கும் நேரம் மட்டும் அண்ணைக்குப் போதவில்லை.

"கூட்டு."

"கூட்டியாச்சு அண்ணை."

"காணாது. பிறேக் பிடிச்ச ரயில் எவ்வளவு தூரம் போய் நிக்குமெண்டு நான் நடந்து அளந்தனான்."

இன்னும் கூட்டினேன். எஞ்சின் தண்டவாளம் முடிந்தும் நிற்காமல் அவருடைய சம்பல் கோப்பைக்குள் போய் விழுந்தது. அண்ணை அதைத் தேங்காய்ப்பூவோடு தூக்கி முத்தமிட்டார். "இப்பதான்ரா உண்மை பேசுது."

கண்காட்சிக்கு இன்னொரு மேசை இரவல் வாங்கித் தண்டவாளத்தை நீட்டினோம். மகள் களிமண்ணில் செய்த மாடு நடுவில் நின்றது. அவள் கை காட்டினாள். அந்தக் கணமே அண்ணை திருகைப் பூச்சியத்துக்குத் திருப்பினார். வேகம் குறைந்தது. குறைந்துகொண்டே வந்தது. ரயில் மாட்டைத் தட்டி விழுத்தி, இன்னும் ஒரு முழம் போய், மெத்தென்று நின்றது.

"அப்பா, நான் கை காட்டினனான்தானே?"

"காட்டினனீங்கள் அம்மா. அது கண்டது. நிக்கத்தான் பாத்தது. ஏலாமப் போச்சு."

அடுத்த நாள் பிள்ளைகள் எல்லாரும் கயிற்றுக்குப் பின்னால் நின்றார்கள். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள்.

எனக்கு இப்போது கொழும்பில் வேலை. ஊரிலிருந்து ரயிலில் திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்தக் கடவை வரும்போது ஜன்னலால் கையை நீட்டி அசைப்பேன். அண்ணை பதிலுக்குக் கை காட்டியதே இல்லை. ரயில் சத்தத்தில் அவர் சொல்வதும் கேட்காது. வாயசைவு மட்டும் தெரியும்: "கையை உள்ளுக்கு எடடா."

அந்த ஏச்சு வாங்கினால்தான் ஊரை விட்டுப் புறப்பட்டதாகவே எனக்குத் தோன்றும்.