தலைமையாசிரியர் பதவியும் தங்கள் கார் டிக்கியும்

வெஞ்சி ஊரிலிருந்து

பெருமதிப்பிற்குரிய ஃபிரெம்பொங் மாமா அவர்களுக்கு,

தாங்களும் அத்தையும் நலமாயிருக்க இறைவன் அருள்க. இதுவரை வாய்மூடி இருந்தது போதும், இனி முடியாது.

மிஷன் பள்ளியில் தலைமையாசிரியர் பதவி காலி என்று தேவாலயப் பலகையில் அறிவிப்பு ஒட்டியதும் என் மனைவி அதோமா ஒரு ஜின் பாட்டிலை எடுத்து என்முன் வைத்தாள். "விண்ணப்பத்த மாமா கையில குடுங்க. வெறுங்கையோட போகாதீங்க. அவருக்குத் தெரியாத பெரிய மனுஷங்க உண்டா?" மாமா, போன தடவையும் அப்படித்தான் கொடுத்தேன். பதில் கேட்டு வந்தபோது தங்கள் வீட்டில் வறுத்த வேர்க்கடலை பொட்டலம் கட்டித் தந்தார்கள். தின்று முடித்துக் காகிதத்தைப் பிரித்தால், அதில் என் கல்வித் தகுதிகள்! துணைத் தலைமையாசிரியனாகவே நரைத்த நான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

ஆகவே இம்முறை, அறிவிப்பில் எழுதியிருந்தபடியே பள்ளிச் செயலாளருக்குத் தபாலில் அனுப்பத் துணிந்தேன். தபால் நிலையப் பெண் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சார், வேலைக்கான விண்ணப்பத்த யாராச்சும் தபால்ல போடுவாங்களா? உங்களுக்கு மாமான்னு யாருமே இல்லையா?" என்று பரிதாபப்பட்டாள். "இருக்காரும்மா. அதனாலதான் இங்க வந்தேன்" என்றேன். வரிசையில் நின்ற கணக்கு வாத்தியார் அசியாமா, "என்னய்யா, ஸ்டாம்ப நம்பிப் பொழைக்கப் போறியா? நான் உங்க மாமாவுக்கே கிழங்கு மூட்டை இறக்கிட்டு வரேன்" என்று எல்லாருக்கும் கேட்கச் சிரித்தார்.

நேர்காணலுக்குப் போனால் வராந்தாவில் நான் மட்டும். நிர்வாகக் குழுத் தலைவி அம்மையார், "ஒரே ஒரு விண்ணப்பந்தான் வந்துச்சு. இந்த வட்டாரத்துல ஆசப்படுறவங்க வேற யாரும் இல்லையா?" என்று வியந்தார். இல்லாமலா! அசியாமா உட்பட அத்தனை பேருடைய விண்ணப்பங்களும் தங்கள் கார் டிக்கியில், வள்ளிக்கிழங்கு மூட்டையின் அடியில், குமாசியில் ஒரு சாவுச் சடங்குக்குப் போயிருந்தன. தாங்கள் திரும்புவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. நான் தலைமையாசிரியன் ஆகிவிட்டேன், மாமா! இன்று அசியாமா என் அறைக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறார். தங்களால் எனக்கு நடந்த ஒரே நன்மை, தாங்கள் மற்றவர்களுக்குச் செய்த உதவிதான்.

அத்தைக்கு என் வணக்கங்கள். தங்கள் கார் நீடூழி ஓடட்டும்.

பின்குறிப்பு: மூத்தவன் செவிலியர் படிப்பை முடித்துவிட்டான். தாங்கள் குழுவில் இருக்கும் மருத்துவமனையில் ஆள் எடுக்கிறார்களாம். தபாலில் போடலாம்தான், ஆனால் பிள்ளையின் வாழ்க்கையில் விளையாட முடியுமா? ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவனுடைய விண்ணப்பத்தோடு நேரில் வருகிறோம். கினிக்கோழி ஒன்றும், ஜின் பாட்டிலும் கொண்டுவருவோம். அதற்காக மேலே எழுதியதைக் கிழிக்கவும் மனம் வரவில்லை. எனவே கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.