தொட்டிச் செடியோடு சம்பந்தியம்மாளைப் பார்க்கப் போனது

அன்புள்ள ஃபுசாயே அக்காவுக்கு,

தம்பி இசாவோ வணக்கத்துடன் எழுதுவது. அகிதாவில் பனி கூரையை மூடியிருக்கும். அத்தானை மேலே ஏறி வழிக்க விடாதே, இடுப்பு முக்கியம். இங்கே தோயாமாவில் எல்லோரும் நலம், என் மானத்தைத் தவிர.

என் மகள், உன் மருமகள் மிசுஹோவுக்கு வசந்தத்தில் கல்யாணம் அல்லவா? மாப்பிள்ளையின் அம்மா ஷினோபு இதயத்தில் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார், பார்க்கப் போக வேண்டும். எங்கே என்ன கொண்டுபோவது என்பதெல்லாம் என் வீட்டுக்காரி கியோயேயின் இலாகா. அவள் இறந்துபோன பிறகு கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல்தான் இருக்கிறேன். ஜன்னலோரம் நானே வளர்த்து, சிவப்பாகப் பூத்திருந்த ஷிகுராமென் செடியைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு போனேன். அங்கே இருந்த அவருடைய நாத்தனார் மசுயோ, பாம்பைக் கண்டதுபோல எழுந்துவிட்டார்.

"ஏங்க, நோயாளிக்கு யாராவது தொட்டிச் செடி கொண்டாருவாங்களா? 'வேர் பிடி'ன்னாலும் 'படுத்த படுக்கையாக் கெட'ன்னாலும் நம்ம பேச்சுல ஒரே சத்தம்தானே! போதாததுக்கு ஷிகுராமென்! ஷின்னா சாவு, குன்னா கஷ்டம். ரெண்டையும் ஒரே தொட்டியில வெச்சுத் தூக்கிட்டு வந்திருக்கீங்க!"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெயரை மாற்ற முடியாது, வேரையாவது எடுத்துவிடலாம் என்று தோன்றியது பார், அங்கேதான் புத்தி கெட்டது. செடியைப் பிடித்து ஒரே இழுப்பு, மண் முழுவதும் வெள்ளைப் போர்வையில் கொட்டியது, நர்ஸ் ஓடி வந்தார், மசுயோ "இந்தச் சம்பந்தம் நமக்கு வேணுமா?" என்று என் காதுபடவே கேட்டார், ஷினோபு போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார், நான் செடியும் கையுமாக வெளியே ஓடி வந்துவிட்டேன். மிசுஹோவிடம் இன்னும் சொல்லவில்லை. தாயில்லாத பெண்ணின் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேனே என்று சோறு இறங்கவில்லை, அக்கா. நீதான் பெரியவளாக வந்து அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்ய வேண்டும்.

அத்தானுக்கு என் வணக்கம். குளிரில் இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
இசாவோ

பின்குறிப்பு: தபாலில் போடக் கிளம்பும்போது ஷினோபுவே போன் செய்தார். அழவில்லையாம், சிரித்தாராம்; தையல் போட்ட இடம் இன்னும் வலிக்கிறதாம். "வர்றவங்க எல்லாம் வார்த்தைய அளந்து பேசிட்டு, வெட்டின பூவ வெச்சுட்டு ஓடிடறாங்க. நான் பிழைக்கமாட்டேன்னு அவங்களுக்குப் பயம். நீங்க ஒருத்தர்தான், தினமும் தண்ணி ஊத்த வேண்டிய செடியக் கொண்டாந்தீங்க. அதக் காப்பாத்தி வைங்க, நானே வந்து வாங்கிக்கிறேன்" என்றார். மன்னிப்புக் கேட்க நீ வர வேண்டாம், கல்யாணத்துக்கு வந்தால் போதும். செடி வாடிக்கொண்டிருக்கிறது, மண் வாங்க ஓடுகிறேன்.