பதினான்காம் பக்கமும் ஐப்பசி முகூர்த்தமும்

'வடதிசை' வாரப் பத்திரிகையின் ஆசிரியர், மதிப்புக்குரிய நீக்கிலாஸ் அண்ணை அவர்களுக்கு, ரொறன்ரோ டோர்செட் பார்க் பகுதியில் மரக்கறிக் கடையும் மொத்த வியாபாரமும் நடத்தும் சிவபாதம் எழுதிக்கொள்வது. நீங்களும் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் இப்போது படியேற விடுகிறதா? இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அது பொய்யாகிவிடும்.

நடந்தது இதுதான். சென்ற ஞாயிற்றுக்கிழமை என் மகள் நிரூபாவுக்குக் கலியாணம் பேச பிக்கரிங்கிலிருந்து வந்தவர்கள், தேநீர் ஆறுவதற்கு முன்னே எழும்பிப் போய்விட்டார்கள். காரணம் உங்கள் பத்திரிகையின் பதினான்காம் பக்கம்.

பேச்சு என்பது ஒரு மரியாதைக்குத்தான் அண்ணை. பிள்ளைகள் இரண்டு பேரும் நாலு வருடமாகத் தாங்களே பேசி முடித்திருந்தார்கள், எங்களுக்கு மிச்சம் விட்டது திகதி ஒன்றுதான். மாப்பிள்ளைப் பொடியன் பிரியந்தன் மார்க்கம் நகரில் கம்பியூட்டர் வேலை, பார்த்தால் நல்ல பணிவு, சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காகச் சோடி சேர்த்து வைத்தார். எனக்குப் பிடித்துவிட்டது. என் மனுசி புனிதவதி வடையும் பயத்தம் உருண்டையும் கொண்டுவந்து வைக்க, பொடியனின் தகப்பன் தொடங்கினார்: "அண்ணை, ஐயர் ஐப்பசியிலதான் நல்ல நாள் சொல்லுறார். மார்க்கம் கலியாண ஹோலும் ஒக்ரோபர் கடைசிச் சனி ஒண்டுதான் வெறுமையாக் கிடக்காம்." நான் சொன்னேன், ஒக்ரோபர் கடைசி சரிவராது, அந்த நேரம் பேஸ்போல் இறுதிப் போட்டி, வேர்ல்ட் சீரிஸ் நடக்கும், எங்கட ரீம் விளையாடேக்க நான் எப்படி மணவறைக்குப் பக்கத்தில நிண்டு தாரை வார்க்கிறது என்று. தகப்பன் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். பொடியன் சிரிக்கவில்லை. "அங்கிள், அதுக்கு எங்கட ரீம் வராது" என்றார்.

"உமக்கு ஆர் சொன்னது?"

"நான்தான் சொன்னனான். பேப்பரில எழுதியிருக்கிறன்."

அப்போதுதான் அண்ணை விளங்கியது. உங்கள் பதினான்காம் பக்கத்தில் 'நடுவர்' என்று பெயர் போட்டுக்கொண்டு, எங்கள் ரொறன்ரோ பேஸ்போல் அணியைக் கிழமைக்குக் கிழமை உரிக்கிற ஆள் என் வரவேற்பறையில் என் வடையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். "வாசிக்கிறனீங்களோ அங்கிள்?" என்று வேறு கேட்டார். நான் குசினிக்குள் போனேன். வடையின் எண்ணெயை ஒற்றுவதற்கு மனுசி விரித்திருந்தது அதே பக்கம்தான். வடைகளை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு இழுத்து வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன். 'பதினெட்டு ஆட்டத்தில் பதினொரு தோல்வி. ஏப்ரலிலேயே கதை முடிந்தது. ரசிகர்கள் ஒக்ரோபரில் வேறு வேலை பார்க்கலாம்.' எண்ணெய் ஊறியும் எழுத்து அழியவில்லை, உங்கள் மை நல்ல மை.

"நம்பர்ஸைப் பாருங்கோ அங்கிள், ரண்ஸ் வருகுதில்லை" என்றார் பொடியன்.

"தம்பி, சீசனில இருக்கிற நூற்றி அறுபத்திரண்டில பதினெட்டு மட்ச்தான் போயிருக்கு. பெட்டிக்க மேல கிடக்கிற தக்காளிய மட்டும் பாத்துப்போட்டு லொறியைத் திருப்பி அனுப்புவீரோ?"

"மேல கிடக்கிறதுதானே அங்கிள் நல்லதா இருக்கும்?"

தகப்பன் வாய்விட்டுச் சிரித்தார். முப்பது வருடமாகப் பெட்டி அடுக்குகிறவன் நான், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கேள்வி சரியானது என்பதையும் உங்களிடம் மறைக்கவில்லை. அந்தச் சூட்டில்தான் வாய் தவறியது. "மூண்டு கிழமையில ஒரு ரீமைக் கைவிடுறவர், என்ர பிள்ளையை எத்தினை கிழமை வைச்சிருப்பீர்?" என்று கேட்டுவிட்டேன். பொடியனின் தாய், கடித்த பயத்தம் உருண்டையின் மிச்சத்தைத் தட்டில் திருப்பி வைத்தார். அவ்வளவுதான். சப்பாத்துகள் சோடி சோடியாகப் போய்விட்டன. நிரூபா அன்றிலிருந்து என்னோடு கதைக்கவில்லை, உப்பு வேண்டுமென்றாலும் தாயைக் கேட்டுத்தான் வாங்குகிறாள். நாலு நாள் அண்ணை. என் ஒரே பிள்ளை.

நான் கேட்ட விதம் பிழை, ஆனால் அணியைப் பற்றி நான் சொன்னது பிழையில்லை. நான் இந்த நாட்டுக்கு வந்தது தொண்ணூற்றிரண்டில். வந்த ஒக்ரோபரில் எங்கள் அணி வேர்ல்ட் சீரிஸ் வென்றது. அடுத்த ஒக்ரோபரிலும் வென்றது. தைப்பொங்கல் மாதிரி இது வருடா வருடம் வருவது என்று நினைத்துக்கொண்டேன், முப்பது வருடத்துக்கு மேலாக அந்த நினைப்பைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். அதற்காக விட்டுப் போனேனா? என் கடை திறந்த முதல் மூன்று கிழமை வந்தவர்களில் பாதிப்பேர் பஸ்ஸுக்குச் சில்லறை மாற்ற வந்தவர்கள். அப்போது உங்கள் நடுவர் என் கடையைப் பற்றி எழுதியிருந்தால், சிவபாதம் ஒக்ரோபரில் வேறு வேலை பார்க்கலாம் என்றுதான் எழுதியிருப்பார்.

நம்பர் பார்க்கிறவர் ஆளைப் பார்க்க வேண்டாமா? எங்கள் கட்சரைப் பாருங்கள். மூன்று மணித்தியாலம் குந்தியிருந்து, தொண்ணூற்றைந்து மைல் வேகத்தில் வருகிற பந்தைக் கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்கிறார். நான் கீழ்த்தட்டில் வெங்காயம் தெரிந்தெடுக்கக் குந்தினால் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும். செவ்வாய்க்கிழமை ஒன்பது ஓட்டம் பின்னால் நிற்கிறார்கள், கடைசி இன்னிங்ஸ், சனம் கார் எடுக்கப் போய்விட்டது. மைதானத்தின் இடதுபக்கத்தில் பந்து மறிக்கிற எங்கள் பொடியன் ஒரு உதவாத பந்தை அடித்துவிட்டு, முதல் பேஸுக்கு வீடு பற்றி எரிகிற மாதிரி ஓடினான். அவுட்தான். ஆனால் அந்த ஓட்டம் எந்த நம்பரில் வரும் அண்ணை? அப்படி ஒருவன் என் கடையில் வேலைக்கு வந்தால் அன்றைக்கே கடைத் திறப்பைக் கையில் கொடுப்பேன். பந்து எறிகிறவர்களைப் பிழை சொல்கிறார், ஏப்ரல் குளிரில் பந்து உறைந்த பலாக்கொட்டை மாதிரி இருக்கும். கொஞ்சம் வெயில் படட்டும்.

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று. 'ஏப்ரலில் எழுதியது அவசரம்' என்று நடுவர் நாலு வரி எழுதட்டும், அதை முன்பக்கத்தில் போடுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் பிக்கரிங்குக்குப் போன் எடுப்பேன், மன்னிப்புக் கேட்பது எனக்குப் பெரிய விசயமில்லை, முதலில் இறங்கி வர ஒரு படி வேண்டும். பதிலுக்கு, இப்போது அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கிடக்கும் உங்கள் பத்திரிகைக் கட்டைக் காசு வாங்கும் மேசைக்கு அருகில் வைக்கிறேன். கறிவேப்பிலைக்கு முன்னால். அங்கே நான் எவரையும் வைத்ததில்லை. திகதி மட்டும் ஒக்ரோபர் இல்லை, அதில் எனக்கு இரண்டு பேச்சில்லை.

உங்கள் முழங்காலுக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும், பத்திரிகையின் நல்ல மைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

உங்கள் நீண்டநாள் வாசகன்,
க. சிவபாதம்

பி.கு: மேலே கேட்ட அந்த நாலு வரியும் இனிப் பிரசுரிக்க வேண்டாம். கடிதத்தைக் கடை மேசையில் வைத்துவிட்டு லொறி இறக்கப் போனேன், திரும்பி வந்தால் நிரூபா முழுவதையும் வாசித்து முடித்துவிட்டு நிற்கிறாள். நாலு நாளுக்குப் பிறகு வாய் திறந்தாள். "அப்பா, ரீம் ஒக்ரோபர் கடைசியில விளையாடும் எண்டு நீங்கள் உண்மையா நம்பிறீங்களெண்டா ஹோலை விடுவம். வாற வருசம் செய்வம், நான் ஒண்டும் சொல்லமாட்டன். நெஞ்சில கைவைச்சுச் சொல்லுங்கோ." கையை நெஞ்சில்தான் வைத்தேன். அது சேர்ட் பொக்கற்றில் இருந்த போனை எடுத்துக்கொண்டு வந்தது.

பிக்கரிங்குக்கு அழைத்தேன், பிரியந்தன்தான் எடுத்தார். "தம்பி, அண்டைக்குக் கொஞ்சம் கூடக் கதைச்சுப்போட்டன்" என்றேன். "பரவாயில்லை அங்கிள். நேற்று பத்துக்கு ரெண்டு வெண்டிருக்கினம், பாத்தனீங்களோ? நான்தான் அவசரப்பட்டு எழுதிப்போட்டன் போல கிடக்கு. இனி நீங்கள் சொன்ன மாதிரித் திகதியைத் தள்ளுவமோ?" என்று கேட்டார்.

வேண்டாம் தம்பி என்றேன். அடுத்த போன் மார்க்கம் ஹோலுக்கு. ஒக்ரோபர் கடைசிச் சனி, முகூர்த்தம் காலை பத்தரை, நானூறு பேர், ஆளுக்கு அறுபத்தைந்து டொலர். பின்னர் திகதி மாற்ற வேண்டி வந்தால் என்று ஒரு வசதி வைத்திருக்கிறார்கள், அதற்கு இப்போதே எழுநூறு டொலர் கூடக் கட்ட வேண்டுமாம். நான் கட்டவில்லை.