சர்க்கார் பல்

சண்டை முடிந்த மறு வருஷம், பிள்ளைகளின் பல் வரிசையை ஆராய்ச்சி செய்வதென்று சர்க்கார் தீர்மானம் செய்து, அதற்கு எங்கள் திருத்தணியைத் தேர்ந்தெடுத்தது. மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்குப் பல் இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் சத்திரத்து மணியக்காரன். வந்தவர்களுக்கு அறை திறந்துவிடுவதுதான் என் வேலை. இந்தத் தணிகாசலத்துக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

சண்டைக் காலத்தில் பட்டணத்தில் ஒரு இலாகா இருந்தது. ஆகாசத்தில் எதிரி விமானம் வந்தால் சங்கு ஊதி ஜனங்களைப் பதுங்கச் சொல்வது அதன் வேலை. விமானங்கள் ஒழுங்காக வராமல் போனது அந்த இலாகாவின் குற்றமில்லை. சண்டை முடிந்ததும் சங்கு ஊதிய பெரிய மனிதர்களை எங்கே உட்கார வைப்பது என்று மேலிடம் மண்டையை உடைத்துக்கொண்டது. ஒருவரை மீனுக்குப் போட்டார்கள். ஒருவரை மண்ணெண்ணெய்க்குப் போட்டார்கள். மிச்சமிருந்தவர் வேதாசலம். அவருக்குப் பல் கிடைத்தது.

இப்படியாக எங்கள் சத்திரத்தின் முன்கட்டில் ‘பால தந்த ஒழுங்கீன ஆராய்ச்சி முகாம்’ என்று ஒரு போர்டு ஏறியது. ஸ்பெஷல் ஆபீசர் வேதாசலம் பழைய இலாகாவின் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வந்தார். விசில் ஊதினால் பிள்ளைகள் வாயைத் திறக்க வேண்டும். மறுபடி ஊதினால் மூட வேண்டும். நடுவில் யாராவது கொட்டாவி விட்டால் அது கணக்கில் சேராது.

முகாமில் பல்லைப் பற்றித் தெரிந்தவர் ஒருவரே ஒருவர். சுந்தர்சிங் என்று ஒரு பல் டாக்டர், சின்ன வயசு, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து வந்த பையன். அவருக்குக் கொடுத்த வேலை பல்லை அளப்பது. குறடு, ஊசி, மருந்து எல்லாம் ஆபீசரின் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தன. “ஆராய்ச்சின்னா பாக்கறது, டாக்டர். பாக்கறதைப் புடுங்கிட்டா அப்புறம் எதைப் பாக்கறது?” என்று வேதாசலம் முதல் நாளே சொல்லிவிட்டார்.

முகாமுக்குப் பிள்ளைகளை அழைத்து வரச் சொல்லித் தமுக்கு அடித்தது அம்மையார்குப்பம் வரைக்கும் கேட்டிருக்கிறது. அங்கே துளசிங்கம் என்று ஒரு நெசவுக்காரன். தன் மகள் காஞ்சனாவை இட்டுக்கொண்டு வந்து நின்றான். அந்தப் பெண் தறியில் அறுந்த இழையைப் பிணைத்துப் பல்லால் கடித்துக் கடித்து வளர்ந்தவள். முன்னால் ஒரு தெத்துப்பல். அது அழகுதான், அதிர்ஷ்டம் என்றுகூடச் சொல்வார்கள். தொல்லை அதில் இல்லை. கடைவாயில் ஒரு பல் சொத்தை விழுந்து, கன்னம் வீங்கி, கண் பாதி மூடிப் போயிருந்தது. கஞ்சி குடித்தே ரொம்ப நாளாயிற்று என்றான். குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் அப்பன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வேதாசலம் விசில் ஊதினார். வாய் திறந்தது. சுந்தர்சிங் பார்த்துவிட்டு, “இதை இன்னிக்கே எடுத்தாகணும் சார்” என்றார்.

“எழுதியாச்சா?” என்றார் வேதாசலம்.

“எழுதியாச்சு சார்.”

“எழுதின பல் சர்க்கார் பல். அந்தப் பொண்ணுக்குப் பதினெட்டு வயசு ஆகிற வரைக்கும் மாசாமாசம் அதை அளக்கணும்னு உத்தரவு. நடுவிலே எடுத்தா ஆராய்ச்சி மூளியாயிடும்.”

துளசிங்கம் கும்பிட்டான். “எசமான், பல்லு சர்க்காரோடதா இருக்கட்டும். நோவு எம்பொண்ணுக்குத்தானே வருது.”

“நோவைப் பத்தி உத்தரவிலே ஒண்ணும் இல்லையே” என்று நிஜமாகவே வருத்தப்பட்டார் வேதாசலம். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டியாவது மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

டாக்டர் விடாமல் பேசியதால் சித்தூருக்கு எழுதிக் கேட்டார்கள். எங்கள் ஊருக்கு ஜில்லா சித்தூர். நாங்கள் தமிழில் அழுதால் அங்கே தெலுங்கில் படித்து இங்கிலீஷில் பதில் போடுவார்கள். பதில் வந்தது. மேற்படி பல் பால்பல்லாக இருப்பின் அது தானே விழக்கூடியது, ஆதலால் சர்க்கார் செலவில் எடுப்பது வீண். மேற்படி பல் நிலைத்த பல்லாக இருப்பின், நிலைத்ததை நீக்க இந்த ஆபீசுக்கு அதிகாரம் இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்பார்கள். இங்கே சாமியே பூசாரியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இதற்கு நடுவில் கம்பி வந்தது. கோணல் பல்லை நேராக்க, மாதிரிக்கென்று பட்டணத்திலிருந்து ஒரே ஒரு பல் கம்பி அனுப்பினார்கள். ஊரிலேயே மோசமான கோணலுக்கு அதைப் போட வேண்டும் என்றார் டாக்டர். வேதாசலம் அதை ஜவுளிக்கடை வரதராஜனின் மகளுக்குப் போடச் சொன்னார். அந்தப் பெண்ணுக்குப் பல் மக்காச்சோளக் கதிர் மாதிரி அத்தனை வரிசை.

“கோணல் பல்லிலே போட்டா கம்பியும் கோணிக்கும், டாக்டர். அது சர்க்கார் கம்பி. நான்தான் ஜவாப் சொல்லணும்.”

அப்புறம் ஊரைக் கேட்பானேன். வரதராஜன் மகள் சிரித்தால் பளபளக்கிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. அந்தப் பெண்ணும் அதற்கு முன்னால் அவ்வளவு சிரித்தவள் இல்லை. தட்டார் தெருவில் வெள்ளிக் கம்பி இழுத்துப் பல்லில் கட்டிவிட ஆரம்பித்தார்கள். ஆசாரி இடுக்கியால் முறுக்குவார், பிள்ளை அலறும், பெற்றவள் பூரித்துப் போவாள். பெண் பார்க்க வருகிறவர்கள் கொலுசைக் கேட்கிறதை விட்டுவிட்டு, “பொண்ணுக்குப் பல்லுக் கம்பி போட்டுகீறீங்களா?” என்று கேட்டார்கள். கனகம்மாசத்திரத்துக்காரர்கள் பொறாமை தாங்காமல், இந்த முகாமைத் தங்கள் ஊருக்கு மாற்றச் சொல்லி மகஜர் போட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, என் வீட்டுக்காரி கௌரியம்மாளும் இடுப்பு ஒட்டியாணத்தை அழித்து எங்கள் பையன் வாயில் கட்டினாள். ஊரோடு ஒத்து வாழ் என்றாள். நானும் ஒத்துத்தான் வாழ்ந்தேன்.

காஞ்சனாவுக்குக் காய்ச்சல் கண்டது. துளசிங்கம் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடியும் வந்தான். சுந்தர்சிங் அவனைக் கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். நான் கயிறு திரித்துக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது.

“சித்தூர் ஜில்லாவிலேதான் அது சர்க்கார் பல்லு. அரக்கோணம் வட ஆற்காடு ஜில்லா. புரியுதா? நாளைக்கு எனக்கு லீவு. காலை ரயிலுக்குப் பொண்ணைத் தூக்கிக்கினு வந்துடு.”

“ஆங், வந்துடறேங்க.”

அரக்கோணம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்து, தன் சொந்தக் குறடால் டாக்டர் அந்தப் பல்லை எடுத்தார். சீழ் வடிந்ததும் குழந்தை அங்கேயே அப்பன் மடியில் தூங்கிப் போனாள். எழுந்ததும் இட்லி கேட்டாளாம். துளசிங்கம் அழுதுவிட்டான். சாகும் வரைக்கும் டாக்டரை மறக்க மாட்டேன் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அப்புறம் எந்தத் தகப்பனும் செய்கிறதைத்தான் செய்தான். பல்லைச் சாணியில் உருட்டி, கூரைமேல் எறிந்தான். பக்கத்தில் இருந்த கூரை ரயில்வே கூட்ஸ் கொட்டகை.

அடுத்த மாசம் விசில் ஊதினார்கள். காஞ்சனா வாயைத் திறந்தாள். வேதாசலம் எட்டிப் பார்த்தார், விளக்கைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார், நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார்.

“பல் எங்கே?”

“அரக்கோணத்துலே எசமான்” என்று துளசிங்கம் உள்ளதைச் சொல்லிவிட்டான்.

அந்த நாளில் ஜில்லா விட்டு ஜில்லா படி அரிசி கொண்டுபோனாலே கேஸ். இது சர்க்கார் பல். பெர்மிட் இல்லாமல் எல்லை தாண்டியிருக்கிறது, அதுவும் வாய்க்குள் மறைத்து வைத்து. வேதாசலம் ரயில்வேக்கு எழுதினார். கொட்டகை தங்களுடையது, அதன் மேல் இருக்கும் பொருளும் தங்களுடையது, ஆனால் சாணிக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று ரயில்வே பதில் எழுதியது. பல் வராததால் விசாரணை வந்தது.

சத்திரத்துக் கூடத்தில் விசாரணை நடந்தது. வேதாசலம் முதலிலேயே ஒரு வார்த்தை சொன்னார்: “இந்த ஊரிலே ஒழுங்கு இல்லைன்னா முகாமைக் கனகம்மாசத்திரத்துக்கு மாத்தும்படி ஆகும்.” அவ்வளவுதான். வரதராஜன் எழுந்து, டாக்டர் ஆரம்பத்திலிருந்தே ஒரு மாதிரி என்றார். ஆசாரி, கம்பித் தொழிலுக்கே டாக்டர் விரோதி என்றார். சத்திரத்து வாடகையை நினைத்துக்கொண்டு நானும், டாக்டர் கிணற்றடியில் ரகசியம் பேசியதைக் கேட்டேன் என்று சொன்னேன். பொய்யில்லையே.

கடைசியில் துளசிங்கத்தைக் கூப்பிட்டார்கள். அவன் தலையைச் சொறிந்தான்.

“பயப்படாதே” என்றார் வேதாசலம். “உள்ளபடி சொன்னா, உன் பொண்ணுக்கும் ஒரு சர்க்கார் கம்பி வரவழைச்சுக் கட்டச் சொல்றேன்.”

துளசிங்கம் ஒரு தடவை டாக்டரைப் பார்த்தான். ஒரு தடவை வாசலில் வரதராஜன் மகள் பளபளவென்று நிற்பதைப் பார்த்தான். “நான் வேணாம்னுதான் சொன்னேன் எசமான். டாக்டர்தான் வற்புறுத்தி இட்டுகினு போனாரு” என்றான். சுந்தர்சிங் கையிலிருந்த அளவுகோலை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

டாக்டரை டிஸ்மிஸ் பண்ணினால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போட வேண்டும், அதற்குப் பணம் கிடையாது. அதனால் அவரைக் கால்நடை இலாகாவுக்கு மாற்றினார்கள். தேர்முட்டிக்கு அந்தப் பக்கம் மாட்டாஸ்பத்திரி. மாட்டுக்கும் பல் உண்டு என்பதால் இந்த மாற்றல் பொருத்தமானது என்று உத்தரவில் போட்டிருந்தது.

காஞ்சனாவுக்குக் கம்பி கட்டியாயிற்று. துளசிங்கம் அவளை மலைக்கு அழைத்துப்போய் அர்ச்சனை செய்துவிட்டு, சன்னதித் தெரு முழுக்கச் சிரிக்கச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தான்.

தை போய்ப் பங்குனி வருவதற்குள் ஊர் வாயெல்லாம் நாற ஆரம்பித்தது. வெள்ளிக் கம்பிக்குள் சோறு சிக்கி, ஈறு வீங்கி, நேராக இருந்த பல் எல்லாம் கோணிக்கொண்டு நின்றது. பிள்ளைகள் தெருத்தெருவாய் அழுதன. நாங்கள் முகாமுக்கு ஓடினோம். வேதாசலத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“ஆராய்ச்சி ஆரம்பிக்கறப்போ இந்த ஊரிலே கோணல் கொஞ்சம்தான் இருந்தது. இப்போ பாருங்க, வீட்டுக்கு வீடு. இந்த முகாம் எவ்வளவு அவசியம்னு நிரூபணம் ஆயிடுத்தே” என்றார்.

“நோவுதுங்களே பசங்களுக்கு” என்றேன்.

“எல்லாப் பல்லையும் எழுதியாச்சு, மணியக்காரரே. தொடக் கூடாது.”

காஞ்சனாவுக்கு மறுபடி கன்னம் வீங்கியது. துளசிங்கம் வெட்கத்தை விட்டு அவளைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனான். அவனுக்குப் பின்னால் வரதராஜன் மகளோடு போனார். நானும் கௌரியம்மாளும் பையனை இழுத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு காங்கேயம் காளைக்குப் பல் எடுத்தார்கள். யாரும் சித்தூருக்கு எழுதிக் கேட்கவில்லை. காளை பாட்டுக்குப் புல் தின்னப் போயிற்று.

சுந்தர்சிங் எங்களை ஏறிட்டுப் பார்த்தார். ‘அன்றைக்கு என்ன சொன்னீர்கள்’ என்று கேட்டிருந்தால் தேவலை. அவர் பதிவு நோட்டைத்தான் எடுத்தார்.

“இங்கே மாட்டுக்குத்தான் வைத்தியம் பண்ண அதிகாரம். மாடுன்னு எழுதிக்கலாமா?”

“எழுதிக்கோங்க சாமி” என்றான் துளசிங்கம்.

“கிடேரிக் கன்னு, பேரு காஞ்சனா” என்று எழுதினார் டாக்டர்.

“நைனா, நான் கன்னுக்குட்டியா?”

“வாய மூடு” என்றான் துளசிங்கம். உடனே, “இல்லம்மா, வாயத் தொற” என்றான்.

அன்று முதல் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் பல் வைத்தியம் பார்த்துக்கொண்டன. அளக்கிற டாக்டர் போனதிலிருந்து முகாமில் யாரும் வாயைத் திறக்கச் சொல்வதில்லை. என் பையன் காளைக்கன்று, செவலை. வரதராஜன் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, தன் மகளை உயர்ந்த ஜாதிக் கன்று என்று எழுதச் சொன்னார். டாக்டர் அப்படியே எழுதினார்.

வருஷ முடிவில் இரண்டு இலாகாவின் அறிக்கையும் வந்தது. பல் முகாமுக்கு வலி என்று ஒரு பிள்ளைகூட வருவதில்லை என்பதால் வேதாசலத்துக்குச் சம்பள உயர்வும், முகாமுக்கு மூன்று வருஷம் நீட்டிப்பும் கிடைத்தன. திருத்தணியில் கன்றுகள் மளமளவென்று பெருகிவிட்டதற்காகக் கால்நடை இலாகாவை மேலிடம் பாராட்டியது. அதோடு நிற்காமல், மேற்படி கன்றுகளுக்கு ஆளுக்கொரு மூட்டை புண்ணாக்கு இலவசமாக வழங்கவும் உத்தரவு போட்டது.

சும்மா வருவதை யார் விடுவார்கள். விடிந்ததும் விடியாததுமாக ஊரே பிள்ளைகளை இட்டுக்கொண்டு வரிசையில் நின்றது. நானும் என் பையனோடு நின்றேன். எனக்கு முன்னால் துளசிங்கம், தன் மூட்டையில் எடை குறைகிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.