கிறுகு மாஸ்டரின் பசை

பிளேன்டீயைக்கூடச் சுழற்றிப் பார்க்காமல் குடிக்கத் தெரியாத மனிதர் புத்தளம் மாவட்டத்திலேயே ஒருவர்தான்: கிறுகு மாஸ்டர். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரங்குளிக்கு இடம்பெயர்ந்து வந்த இரசாயன ஆசிரியர். பனம்பாணி, கஞ்சி, பெயின்ற் என்று எது கிடைத்தாலும் தகரப் பேணியில் ஊற்றிச் சுழற்றிக் கிறுகவிட்டு, எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார். சில கடைக்காரர்கள் அவர் பெயரில் இன்னொரு 'க்' சேர்த்தும் கூப்பிட்டார்கள். அவர் கோபிக்கவில்லை.

மன்னாரிலிருந்து வந்த சித்தி, எங்களுக்கெல்லாம் அக்கா முறையில் ராத்தா, அப்போது மேசைவிரிப்புகளில் சாயம் அச்சிடும் கொட்டில் ஒன்றை நடத்தினார். விரிப்புகளுக்கு நான் கரை தைத்தேன். சிலாபத்துக் கடையொன்று மீன் படம் கேட்டது. சாயம் பரவி, மீனெல்லாம் கால் முளைத்த கணவாயாகிவிட்டது. மாவு கலந்தோம், சாயம் அச்சு வலையை அடைத்துக்கொண்டது. இன்னொரு முறை கெட்டால் வேலை கிடையாது என்றார் கடைக்காரர்.

விஷயம் மாஸ்டருக்கு எட்டியது.

"மாவை விடுங்கோ. இழுக்கேக்க இளகவேணும், விட்டவுடன தடிக்கவேணும். கடற்கரையில ஒதுங்கிற பாசி, சாதாளை, அதே காணும்."

"அது நாறுமே மாஸ்டர்!" என்றார் ராத்தா.

நாறத்தான் செய்தது. சாதாளை மூட்டையோடு வந்த மாஸ்டரைச் சோதனைச் சாவடியில் மறித்த சிப்பாய், மூட்டையை அவிழ்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு "யன்ன, யன்ன" என்று சிங்களத்தில் போகச் சொல்லி விரட்டிவிட்டாராம்.

சலவைச் சோடா போட்டு அவித்து வடித்ததும் வழவழவென்று பசை வந்தது. அடுத்து என் தையல் மெசினைக் கேட்டார். அதன் வாரை ஒரு பேணியில் மாட்டி, பேணிக்குள் பசையை ஊற்றி, பசைக்குள் சின்னப் பேணியொன்றைக் கம்பியில் தொங்கவிட்டார். வெளிப்பேணி கிறுக, பசை உள்பேணியை இழுக்கும், கம்பி முறுகும். முறுக்குக் கூடினால் பசை தடிப்பு.

"மெதுவா மிதியுங்கோ தங்கச்சி... இப்ப வேகமா!"

மிதித்தேன். பசை தெறித்து ராத்தாவின் முக்காட்டில் விழுந்தது. மாஸ்டர் துள்ளினார்.

"வேகம் கூடின அளவுக்கு முறுக்குக் கூடேல்ல! பசை இளகுது, இளகுது!"

"எனக்குக் காலும் இளகுது மாஸ்டர்."

பசையைத் தடிப்பாகவும் தண்ணியாகவும் கரைத்துக் கரைத்து என்னை மிதிக்க வைத்தார். கடைசியில் ஒரு பதத்தைத் தேர்ந்து சாயத்தைக் கலந்தார். ராத்தா அதை வலையில் ஊற்றி இழுத்தார். வழுக்கிக்கொண்டு இறங்கியது. துணியில் பட்டதும் அப்படியே நின்றது.

"அல்லாஹ்! செதிலும் தெரியுது!"

வேலை எங்களிடமே நின்றது. ஆனால் அந்த முதல் விரிப்பைக் கடைக்குக் கொடுக்க ராத்தாவுக்கு மனம் வரவில்லை. அதை மாஸ்டருக்குச் சட்டையாகத் தைக்கச் சொன்னார். மாஸ்டர் மறுநாளே அந்த மீன் சட்டையோடு பள்ளிக்கூடம் போனார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். பின்னேரம் என் வாசலில் நின்றார்.

"ஒரு பொத்தான் கழண்டு போச்சு தங்கச்சி. நாளைக்கும் போடோணும்."

ஒன்றோடு விடவில்லை. எல்லாப் பொத்தான்களையும் இரட்டை நூல் கோத்துத் தைத்துக் கொடுத்தேன்.