வாடை இல்லாத ஸ்டோர்

உலகத்தில் பாதுகாப்பு என்பது முழுமை பெற்ற இடம் ஒன்றே ஒன்றுதான். போடிமெட்டைத் தாண்டி ஜீப்பில் முக்கால் மணி நேரம் போனால் வரும் எங்கள் எஸ்டேட்டின் ஏலக்காய் ஸ்டோர். பெருமைக்குச் சொல்லவில்லை. பாதுகாப்புக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. எழுதியவன் நான். ராமநாதபுரத்திலிருந்து பிழைக்க வந்து, இங்கே கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர். இந்த மலையில் எனக்கு ஊர், உறவு எல்லாம் மேனேஜர் காசிராஜன்தான்.

பறித்த காயைக் காய வைக்கிற கட்டடத்துக்குத்தான் ஸ்டோர் என்று பெயர். முன்பு விறகு எரித்தார்கள். இப்போது கேஸ். எட்டு சிலிண்டரிலிருந்து முரட்டுத்தனமாக வரும் கேஸை அடக்கி, அடுப்புக்குப் பதமாக அனுப்புவது சுவரில் இருக்கும் ரெகுலேட்டர். அதன் பக்கவாட்டில் சிறியதாக ஒரு துவாரம். உள்ளே அழுத்தம் மிஞ்சினால் அதன் வழியாகக் கொஞ்சம் வெளியேறும். அழுத்தத்தைக் காட்டக் கண்ணாடிக்குள் ஒரு முள்ளும் உண்டு. போன ஆயுத பூஜைக்கு மேனேஜர் தன் கையாலேயே அந்தக் கண்ணாடிமேல் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார். அன்று முதல் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியதாக ஒரு தகவலும் இல்லை.

ஏலக்காய் எந்த வாடையையும் இழுத்து வைத்துக்கொள்ளும். ஸ்டோர் பக்கம் வெங்காயம் வதக்கக்கூடத் தடை. அப்படியிருக்க, போடி வியாபாரி நூர் முகம்மது எங்கள் சாம்பிளை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்துவிட்டுப் போன் செய்தார்.

“மேனேஜரண்ணே, காயில கேஸ் வாடை வருது. எங்கேயோ ஒழுகுது. மொதல்ல அதைப் பாருங்க. காயை அப்பறம் பாப்போம்.”

அவர் சொன்னதில் கடைசி வரி மட்டும்தான் மேனேஜர் காதில் விழுந்தது.

குழு அவசரமாகக் கூடியது. தலைவர், மேனேஜர். செயலாளர், நான். தொழிலாளர் பிரதிநிதி பால்ராஜ். அடுப்பும் ரெகுலேட்டரும் அவன் பொறுப்பு. மகளிர் பிரதிநிதி அவன் மனைவி தேவி. அடுத்த அறையில் காய் பொறுக்குகிறவள்.

“ரெகுலேட்டருக்குள்ள வாசரு தேஞ்சு போச்சு சார்,” என்றான் பால்ராஜ். “பிரஷர் மீறுது, அதான் தொளை வழியா கக்குது. மெயின் வால்வை அடைச்சு, பைப்புல நிக்கிற கேஸை வெளியேத்தி, முள்ளு கீழ எறங்குனப்பறம் கழட்டி மாத்தணும். அரை நாள் சோலி.”

“அரை நாள் அடுப்பு நின்னா காயோட பச்சை நெறம் போயிரும்ப்பா,” என்றார் மேனேஜர்.

“காய்தானே சார் போகும்.”

இந்தப் பொறுப்பற்ற பதிலைக் குழு வன்மையாகக் கண்டித்தது.

“வாடை எதுல இருந்து வருது?”

“தொளையில இருந்து.”

“அப்ப தொளையை அடை.”

“கொதிக்கிற உலைக்கு மூடி போட்டு அம்மியைத் தூக்கி வச்ச மாதிரில்ல இருக்கு,” என்றாள் தேவி. “உள்ள இருக்கது எங்கிட்டுப் போகும் சார்?”

“அது டெக்னிக்கல்மா. நீ காயைப் பாரு.”

துணியை மெழுகில் தோய்த்து மேனேஜரே திணித்தார். துவாரம் ‘பாதுகாப்பாக’ மூடப்பட்டது. ‘வாடை ஒழிப்பு வாரம்’ அறிவித்தோம். கையுறைகள் வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்து, களவு போகாமல் பூட்டினோம். சாவி, மேனேஜரின் ஜீப்புச் சாவியோடு ஒரே வளையத்தில். அவர் போகுமிடமெல்லாம் பாதுகாப்பும் கூடவே போகும்.

மூன்றாம் நாள் அவர் புதுச் சாம்பிளோடு போடிக்கு இறங்கினார். பாதுகாப்பும் இறங்கியது.

காலை பதினோரு மணி. நீலமாக இருந்த தீ மஞ்சளாகி, அடுப்பு வாயைத் தாண்டி ஓர் ஆள் நீளத்துக்கு வெளியே வந்தது. பொறுக்கும் அறையில் பதினாலு பெண்கள். அந்த அறைக்குக் கதவு ஒன்றுதான். அது அடுப்பைப் பார்த்து இருந்தது.

“தேவி, எல்லாரையும் சன்னல் வழியா எறக்கு. வெரசா,” என்றபடி பால்ராஜ் மெயின் வால்வுக்குக் கையை நீட்டினான். அது அடுப்புக்கு நேர் மேலே இருந்தது. மழையில் துருப்பிடிக்கக் கூடாது என்று அங்கே மாற்றி வைத்ததும் குழுதான். இரும்புப் பிடி பழுக்கக் காய்ந்திருந்தது. நாலு சுற்றுச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை “ஆத்தா” என்றான். நாலாவது ‘ஆத்தா’வில் தீ அடங்கியது.

நான் எங்கே இருந்தேன் என்கிறீர்களா? ‘ஆபத்தில் கூடுமிடம்’ என்று பலகை அடித்த பலா மரத்தடியில், முதல் ஆளாக. விதி என்றால் விதி.

மறுநாள் விசாரணை. சாம்பிள் தேறிய மகிழ்ச்சியில் மேனேஜர் கனிவாகவே கேட்டார்.

“கையுறை ஏம்ப்பா போடல?”

“சாவி உங்ககிட்டல்ல சார் இருந்துச்சு.”

“ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?”

“கை சோலியா இருந்துச்சு சார்.”

குழு ஒருமனதாகத் தீர்மானித்தது: விபத்து நேரத்தில் ஸ்டோரில் கேஸ் வாடை அறவே இல்லை என்பதால் துவாரத் திட்டம் மாபெரும் வெற்றி. கையுறை அணியாமல் வால்வைத் தொட்டு விதியை மீறிய பால்ராஜுக்குக் கடும் எச்சரிக்கை.

“மெழுகை வச்சது யாருன்னு எழுதியாச்சா ரைட்டர் சார்?” என்றாள் தேவி.

“அது இந்தக் கூட்டத்துப் பொருள்ல இல்லம்மா,” என்றேன்.

கையெழுத்துக்குப் புத்தகத்தை பால்ராஜ் முன்னால் வைத்தேன். அவன் கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, புத்தகத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.

‘கையெழுத்திட மறுத்தார்’ என்று எழுதினேன். எழுத்து முத்து முத்தாக விழுந்தது. விழாதா பின்னே? என் கையில்தான் ஒரு கொப்புளமும் இல்லையே.